நூலுக்கு நேரே ஒரு வெள்ளைப் பட்டை

சுரேஷ் போன் பண்ணியபோது நான் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் இப்போது கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவன். இருந்தாலும் எந்தச் சுவரில் ஆணி நிற்கும், எது உதிரும் என்று கேட்க அவ்வப்போது கூப்பிடுவான்.

"அண்ணே, ஸ்டோர்ல ஒரு பழைய போட்டோ. பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க, பக்கத்துல தையல் மெஷின். எல்லார் கண்ணு மேலயும் கருப்பு டேப். ஒரு ஆளுக்கு மட்டும் டேப் இல்ல. இன்னொரு ஆளுக்குக் கண்ணு இருக்கிற இடமே இல்ல, வெள்ளையா கெடக்கு. இது என்னா கதை?"

"மீன்காரன் மொறைக்கிறான் லா. அப்புறம் பேசுறேன்."

"சும்மா கேக்கல அண்ணே. புதுக் கண்காட்சிக்கு எடுக்கிறோம். கம்ப்யூட்டர்ல போட்டா கண்ணையெல்லாம் அதுவே போட்டுக் குடுத்துரும். அசல் மாதிரியே இருக்கும். பண்ணட்டா?"

பண்ணாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்றும், உரித்த டேப் எங்காவது இருந்தால் பரிசோதிக்கலாமே என்றும் கேட்டு அவன் இரண்டு முறை மெசேஜ் அனுப்பினான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் சுரேஷ் திருத்திக்கொள்ளட்டும்.

நான் ஓர் இடத்தில் நிலைத்தவன் இல்லை. கோலா பெர்லிஸில் மீன் படகில் இருந்தேன். ஈப்போ லாரியில் கிளீனராக ஓடினேன். சிங்கப்பூரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன். என்னோடு ஒரே அறையில் படுத்திருந்தவன் ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். மறுநாள் அவன் இடத்துக்கு வேறு ஆள் ஏறினான். அதைப் பார்த்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பினேன். ஜெலுத்தோங்கில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை, அங்கேயே படுக்கை. அப்போதுதான் ஜார்ஜ்டவுனில் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு கண்காட்சி முடியும் வரை என்று போனவன், ஓய்வு பெறும் வரை இருந்துவிட்டேன்.

ஏன் ஓடிப்போகவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அங்கே சுவர் ஓடிக்கொண்டே இருந்தது, அதுதான் காரணம். ஒரு கண்காட்சி முடிந்தால் எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை அடைத்து, வேறு நிறம் பூசி, வேறொரு காலத்தை மாட்டுவோம். போன மாதம் துறைமுகம் இருந்த அறையில் இந்த மாதம் யாரோ ஒருவரின் ஓவியங்கள். என் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்?

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மிஸ்டர் தியோ. கண்காட்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஒல்லியான சீனர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச். எங்களோடு மலாயில் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். நன்றாகச் செய்தாய் என்று யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மாட்டி முடித்த பிரேமின் பக்கத்தில் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். பிரேம் அசையாவிட்டால் அடுத்ததற்குப் போவார். அதுதான் பாராட்டு.

அவர் முறை இதுதான். முதலில் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு நூல் கட்ட வேண்டும், சராசரி ஆள் நிமிர்ந்து நின்றால் கண் இருக்கும் உயரத்தில். மற்ற இடங்களில் பிரேமின் நடுப்பகுதி அந்த நூலில் வரும்படி மாட்டுவார்கள். தியோவிடம் அது செல்லாது. மனிதர்கள் இருக்கும் படம் என்றால், படத்தில் உள்ளவரின் கண் நூலுக்கு நேரே வர வேண்டும். பிரேம் மேலே போனாலும் சரி, கீழே வந்தாலும் சரி. கவர்னரும் நூலில்தான், அவருக்கு விசிறி வீசியவனும் நூலில்தான். இதனால் எங்கள் பிரேம்களின் மேல்விளிம்பு ஏறியும் இறங்கியும் இருக்கும். வருகிற பெரிய ஆட்கள், "என்ன தியோ, உன் ஆட்களுக்கு அளக்கத் தெரியாதா?" என்று சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். மாற்ற மாட்டார்.

கண்ணாடி பிரேமைத் தூக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு பிரேம். திறப்பு விழாவுக்கு முன்னால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளியடித்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பு, பூஞ்சை, கீறல் எல்லாம் அதில் மேடு பள்ளமாகத் தெரியும். "நேராப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்பார்.

போர்க்காலக் கண்காட்சி ஒன்று வைத்தோம். ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்திருந்த காலம். அதில் ஓர் அதிகாரியின் படம். ஒரு சீனக் கிழவர் தினமும் வந்து நேராக அந்தப் படத்துக்கு முன் போய் நின்று, கண்ணாடி மேல் எச்சில் துப்பிவிட்டுப் போவார். காவலாளி அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தபோது தியோ ஓடி வந்து விடுவித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு துணியைக் கொடுத்தார்.

"அவர் போன பிறகு துடை. அவர் பார்க்கிற மாதிரி துடைக்காதே."

கண்காட்சி முடியும் வரை துடைத்தேன். ஒருநாள் கிழவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் துணியோடு போய்ச் சுத்தமான கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வந்து பார்க்கிற ஆளுக்காகத்தான் படம் என்று தியோ நினைத்தார். அந்த நினைப்பு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பினாங்குக்கு எதிரே உள்ள ஒரு தீவில் முன்பு தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்த முகாமின் படங்கள் எங்கள் கிடங்கில் இருந்தன. நான் சேர்வதற்கு முன்பே தியோ ஒருமுறை அவற்றைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் குடும்பங்கள் வந்துவிட்டன. எங்கள் சித்தியின் முகத்தை மாட்டினால் என் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும் என்று ஒருவர் அவர் காலில் விழாத குறையாக அழுதாராம். அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. அந்த நோய் இருந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? படத்தை எடுத்துவிட்டால் அந்த மனிதர்கள் இருந்ததே தெரியாது. முகத்தைக் காட்டினால் குடும்பம் கெடும். தியோ கண்களை மட்டும் மறைப்பது என்று முடிவு செய்தார்.

முதலில் கண்ணாடிக்கு மேல்தான் கருப்பு டேப் ஒட்டினாராம். புத்தக முதுகுக்கு ஒட்டுகிற துணி டேப். ஒட்டிவிட்டு, வழக்கம்போல் பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கிறார். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே ஓர் அட்டையின் கனத்துக்கு இடைவெளி உண்டு. பக்கவாட்டில் நின்றால் டேப்புக்குப் பின்னால் கண் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார், யார் அப்படி நின்று எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று. தியோ பிரேமைப் பிரித்து, டேப்பைப் படத்தின் மேலேயே ஒட்டினார். கண்காட்சி முடிந்ததும் உரித்துவிடலாம் என்று நினைத்தார். முடிந்ததும் அடுத்த கண்காட்சி வந்தது. படங்கள் கிடங்குக்குப் போயின. பினாங்கு வெக்கையிலும் ஈரத்திலும் பசை படத்தோடு இறுகிவிட்டது.

வருடங்கள் போன பிறகு அதே தீவைப் பற்றி இன்னொரு கண்காட்சி வைக்க முடிவானது. இந்த முறை காலம் மாறியிருந்தது. எங்கள் ஆளின் முகத்தைக் காட்டுங்கள், பெயர் போடுங்கள் என்று குடும்பங்களே கேட்டன. அப்படி வந்தவர்தான் பாக்கியம் அக்கா.

ஜெலுத்தோங் பிளாட்டில் தனியாக இருப்பவர். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டத்தோ கிராமாட்டில் ஒரு குடும்பம் அவரை வளர்த்தது. வளர்த்த அம்மா சாகிற சமயத்தில்தான் சொன்னாராம்: நீ தீவில் பிறந்த பிள்ளை, நோய் ஒட்டிவிடக் கூடாது என்று பிறந்த கையோடு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், உன்னைப் பெற்றவள் பெயர் அஞ்சலை. அந்தப் பெயரைத் தவிர பாக்கியம் அக்காவிடம் எதுவும் இல்லை. அஞ்சலை தீவிலேயே இறந்துவிட்டாள்.

முகாமில் சமையல் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தார். படங்களைப் பார்த்துச் சொல்ல அவரை வரவழைத்தோம். தையல் வகுப்புப் படத்தைக் காட்டியதும் விரலை வைத்துவிட்டார்.

"கத்திரிக்கோல் வெச்சிருக்கால்ல, அவதான் அஞ்சலை. வெரல் நல்லா இருக்கிற ஆளுகிட்டதான் கத்திரிக்கோல் குடுப்பாங்க."

"நல்லாத் தெரியுமா தாத்தா?" என்று பாக்கியம் அக்கா கேட்டார்.

"தெனம் கஞ்சி ஊத்தினவன்மா நானு."

"எப்படி இருப்பாங்க?"

பெரியவர் படத்தின் மேல் குனிந்தார். "கண்ணு பெருசு. வேற ஞாபகம் இல்ல."

படத்தில் அந்தப் பெண்ணின் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, மூடிய உதடுகள் தெரிந்தன. கண் இருந்த இடத்தில் கருப்புத் துணி. அந்தப் படத்துக்கு வேறு பிரதியும் இல்லை, நெகட்டிவும் இல்லை.

அன்றிலிருந்து அக்கா தினமும் வர ஆரம்பித்தார். பஸ் பிடித்து வந்து, நாங்கள் வேலை செய்யும் அறையின் வாசலில் நிற்பார்.

"என்னா தம்பி, இன்னிக்காச்சும் எடுப்பீங்களா? சட்டைப் பட்டன் தெரியுது, கத்திரிக்கோல் தெரியுது, கண்ணைத் தொறக்க மட்டும் ஒங்களுக்கு நல்ல நாள் பாக்கணுமா?"

"அது எங்க கையில இல்லக்கா. தெரிஞ்ச ஆளு செய்யணும்."

"ஒட்டத் தெரிஞ்ச ஆளுக்கு உரிக்கத் தெரியாதா?"

இதைத் தியோவிடம் நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே புரிந்திருக்கும். டேப்பை ஒட்டியது யார் என்று அக்காவிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார்.

கோலாலம்பூரில் பழைய படங்களைச் சீர்செய்கிறவர்களுக்குத் தியோ எழுதினார். படத்தை அனுப்புங்கள், வரிசை நீளமாக இருக்கிறது, எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. மேலே இருந்தவர்கள் திறப்பு விழாவுக்கு முகங்கள் வேண்டும் என்றார்கள். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தியோ இரண்டு பக்கமும் பார்த்தார். நானே செய்கிறேன் என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. விளக்கைப் பிடிப்பது என் வேலை.

ஒரு காலை நேரம். வெளியாட்களுக்கு அந்த அறையில் அனுமதி கிடையாது. அன்று தியோ ஒரு நாற்காலியைக் கதவோரம் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். படத்தை மேசையில் வைத்தோம். முடி காயவைக்கிற மெஷினைத் தூரமாகப் பிடித்து டேப்பை மெல்லச் சூடாக்கினார். பசை இளகியதும், மூங்கிலை மெல்லிசாகச் சீவி வைத்திருந்த பட்டையை ஓரத்தில் நுழைத்தார். டேப்பை மேல்நோக்கி இழுக்கக் கூடாது. அதன் முதுகின் மேலேயே மடித்து, படத்தோடு படுத்த மாதிரி நகர்த்த வேண்டும். கொஞ்சம் பிடித்தாலும் நிறுத்த வேண்டும்.

எந்த முகத்தில் ஆரம்பிப்பது? அதை முன்பே முடிவு செய்திருந்தார். வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். பெரியவருக்கு அவள் பெயர் தெரியவில்லை. எந்தக் குடும்பமும் அவளைத் தேடி வரவில்லை. கெட்டுப்போனால் கேட்க ஆளில்லாத முகம். அதில்தான் முதலில் சோதித்துப் பார்த்தோம். நல்ல முறைதான், எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மூங்கில் பட்டை அவள் முகத்தை நெருங்கியபோது தியோ அவளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஹொக்கியன் சீனத்தில் சொன்னதால் எனக்குப் புரியவில்லை.

டேப் வந்துவிட்டது. அடியில் இரண்டு கண்களும் அப்படியே இருந்தன. நேற்று எடுத்த படம்போல. கேமராவை நேராகப் பார்க்கிறாள், கொஞ்சம் கோபமாக.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "யாருடி நீ, இப்படி மொறைக்கிற?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தியோ மட்டும் சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

அதன் பிறகு அஞ்சலை. அதே சூடு, அதே பட்டை, அதே கை. ஓரம் சுலபமாக வந்தது. நடுவில் வந்தபோது தியோவின் கை நின்றது. கொஞ்சம் காத்திருந்து, இன்னும் சூடு காட்டி, மறுபடி நகர்த்தினார். டேப் வந்தது. அதற்கு அடியில் வெள்ளையாக இருந்தது.

படம் என்பது காகிதத்தின் மேல் உள்ள மெல்லிய தோல்தான். அந்தத் தோல் டேப்போடு போய்விட்டது. அவளுக்கு மட்டும் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிடங்கில் அந்த இடத்தில் ஈரம் பட்டிருக்கலாம். ஒட்டும்போது அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்திருக்கலாம்.

அக்கா மேசையருகில்தான் நின்றார். முதலில் அவருக்குப் புரியவில்லை. "இன்னும் ஏதோ வெள்ளைப் பேப்பர் ஒட்டியிருக்கு பாருங்க, அதையும் எடுங்க" என்றார். தியோ என்னைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்பதற்காக இல்லை. விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, மலாயில், தானே சொன்னார்.

"அது பேப்பர் இல்லை. படம் போய்விட்டது. ஒட்டியதும் நான். உரித்ததும் நான்."

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு தியோவின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைப் பார்த்தார்.

"அதுலதானே ஒட்டிக்கிட்டுப் போச்சு? அதைக் குடுங்க."

டேப்பைத் திருப்பிப் பார்த்தோம். காய்ந்த பசையோடு பழுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான். கண் என்று சொல்ல எதுவும் இல்லை. சேகரிப்பில் உள்ள ஒரு பொருளின் தூசியைக்கூட வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் டேப்பை மடித்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

மற்ற முகங்களை அவர் தொடவில்லை. படத்தை அப்படியே பிரேம் போட்டோம். திறப்பு விழாவில் பேசிய பெரியவர்கள் யாரும் அதன் பக்கம் நிற்கவில்லை. தியோ ஓய்வு பெறும் நாள் வரை வேலைக்கு வந்தார், நூல் கட்டினார், அளந்தார். மாட்டி முடித்தபின் சுவரைத் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். நாங்களே தட்டிப் பார்த்துக்கொண்டோம். போன வருடம் அவர் இறந்தபோது போயிருந்தேன். பாக்கியம் அக்காவும் வந்திருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அந்தக் கண்காட்சி நடந்த நாட்களில் அக்கா அடிக்கடி வந்தார். தன் அம்மாவுக்கு முன் நிற்க மாட்டார். வரிசை ஓரத்தில் நிற்கிற, பெயர் தெரியாத பெண்ணின் முன்தான் நிற்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"இவ எங்க ஆத்தாவைப் பாத்திருப்பால்ல தம்பி? இந்தக் கண்ணு பாத்திருக்கும்."

சுரேஷ், நீ போன் பண்ணிய மறுநாள் ஜெலுத்தோங்குக்குப் போனேன். அக்காவுக்கு முழங்கால் சரியில்லை, நடக்கச் சிரமப்படுகிறார். நீ சொன்னதைச் சொன்னேன், கம்ப்யூட்டர் கண் போட்டுத் தருமாம் என்று.

"யாரு கண்ணை?"

"அதுவே பாத்து ஒண்ணு போடும்க்கா. பெரிய கண்ணா கேட்டா பெரிய கண்ணாப் போடும்."

"எங்க ஆத்தா என்னா கோயில் சிலையா, கண்ணு தொறந்து வைக்கிறதுக்கு?"

அந்த டேப் இருந்தால் பரிசோதனைக்குத் தருவாரா என்றும் கேட்டேன். நீ மெசேஜில் கேட்டிருந்தாயே என்பதற்காக. சாமி மேடையைப் பார்த்தார். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் காகிதம் மடித்தபடி இருந்தது.

"ஆத்தா கண்ணு எங்கிட்ட இருக்கட்டும். மிச்சம் ஒங்ககிட்ட இருக்கட்டும்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அந்தப் பொண்ணைத் தேடி யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லக்கா."

"வந்தா எனக்குச் சொல்லு."

அதனால் சுரேஷ், படத்தை இருப்பது போலவே மாட்டு. எதையும் உரிக்காதே, எதையும் வரையாதே. நூலைக் கட்டிக்கொள். பெயர் தெரியாதவளின் கண் நூலுக்கு நேரே வரும்படி வை. அப்படி வைத்தால் அதே நூல் மற்றவர்களின் கருப்புப் பட்டைகள் வழியாகப் போகும், அஞ்சலையின் வெள்ளை வழியாகவும் போகும். அவர்கள் ஒரே உயரம். பிரேமின் மேல்விளிம்பு பக்கத்துப் படத்தோடு ஒட்டாமல் இறங்கி நிற்கும், யாராவது சிரிப்பார்கள். மாற்றாதே. மாட்டி முடித்ததும் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்.

திறந்த பிறகு சொல். அக்காவைக் கிரெப் டாக்சி பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தப் படத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுவை.